பாட்டால் எழுந்த மண்டபம்

அமெரிக்கா செல்லும் நம்மவர் நியூயார்க்கின் மாடங்களையும் நயாகராவின் வீழ்ச்சியையும் கண்டு திரும்புதல் வழக்கம். டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் என்றொரு கலைக்கோயில் உண்டு. அதனை நாடிச் செல்வோர் சிலரே.

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. எழுத்தறிவு பெறுதலே குற்றமெனத் தென்மாநிலங்கள் பலவற்றில் விலக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் அடிமைத்தளை நீங்கினர். மறு ஆண்டு சனவரியிலேயே, போர்க்கால மருத்துவமனையாயிருந்த மரக்கொட்டகைகளில் அவர்களுக்கென இக்கல்விச்சாலை திறக்கப்பெற்றது. பயில வந்தோர் ஏழு வயதினர் முதல் எழுபது வயதினர் வரை!

ஐந்தாண்டுகளில் கடன் கழுத்தை நெரித்தது. பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் இசையில் ஈடுபாடுடையவர். மாணவர் ஒன்பதின்மரை அழைத்துக்கொண்டு 1871 அக்டோபர் 6-ஆம் நாள் ஊர் ஊராய்ப் பாடி நிதி திரட்டப் புறப்பட்டார். கட்டட நிதிக்கெனக் கச்சேரி வைத்து நுழைவுச்சீட்டு விற்றுப் பழகிய நம் சங்கத்தாருக்கு அத்தொல்லை நன்கு விளங்கும். ஆனால், நமக்குத் தங்குமிடம் மறுத்தவர் எவருமிலர். அவர்களுக்கோ விடுதிகள் பல கதவடைத்தன. அக்குழுவில் பியானோ இசைத்த எல்லா ஷெப்பர்டு, பெற்ற தந்தையே 350 டாலர் கொடுத்து மீட்ட குழந்தை. பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவரே. சிகாகோவைத் தீ அழித்த செய்தி கேட்டதும், கடன்பட்ட அவ்விளைஞர் சின்சினாட்டியில் ஈட்டிய சிறுதொகையை அந்நகர மக்களுக்கே வழங்கிவிட்டனர்.

முதலில் அவர்கள் பாடியவை பெரும்பாலும் வெள்ளையர் விரும்பிய பாடல்கள். தம் பெற்றோர் அடிமைக் குடில்களில் மறைவாய்ப் பாடிய பக்திப் பாடல்களை அயலார் முன் பாட அவர்கள் கூசினர். அது நாணமன்று, புனிதமானதை விலைப்படுத்த விரும்பா மனம். ஒபர்லின் நகரில் அவற்றை மெல்லப் பாடியபோது அவை அடங்கிற்று. பின்னர் அப்பாடல்களே அவர்தம் புகழாயின. 1873-இல் விக்டோரியா அரசியாரும் செவிமடுத்தார். திரட்டிய நிதியால் 1876-இல் ஜூபிலி மண்டபம் எழுந்தது. 

டு பாய்ஸ் பெருமகனார் 1888-இல் பட்டம் பெற்றதும் இங்கேதான். ஓவியம் விரும்புவோர்க்கும் விருந்துண்டு: ஜார்ஜியா ஓ'கீஃப் அம்மையார் 1949-இல் அளித்த தொகுப்பில் செசானும் பிகாசோவும் உளர். பொருள் முடையால் அதன் பாதியுரிமை 2012-இல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்துக் காட்சிச்சாலையொன்றுக்கு விற்கப்பட்டது. ஈராண்டுக்கொருமுறை ஓவியங்கள் இடம் மாறும். ஆகவே காலமறிந்து செல்க.

ஆயினும், யாம் பரிந்துரைப்பது அக்டோபர் 6-ஆம் நாளையே. இன்றைய பாடகர் குழுவினர் அன்று முன்னோரின் கல்லறைகளுக்குச் சென்று, பழைய அப்பாடல்களைப் பாடுகின்றனர்.