கட்டைவிரல் கேட்காத ஆசான்கள்

சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு இந்திய அரசு 1985 முதல் ஒரு விருது தருகிறது. அதன் பெயர் துரோணாச்சாரியார் விருது. ஏகலைவனின் வலக்கைக் கட்டைவிரலைத் தட்சிணையாகக் கேட்டு வாங்கிய அதே துரோணர்தான். ஒரு நாள்கூடச் சொல்லித்தராமல் கூலி மட்டும் வாங்கிக்கொண்டவரின் பெயரால் இந்த நாடு நல்லாசான்களைப் பாராட்டுகிறது. இதில் யாருக்கும் கூச்சம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஏகலைவன் கதையை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். வில்லையும் விரலையும் பற்றியே அதிகம் பேசியிருக்கிறோம். வில்லைத் தொடுவதற்கு முன் ஏகலைவன் மண்ணைப் பிசைந்து ஆசானின் உருவத்தைச் செய்தான் என்பதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். அவன் முதலில் சிற்பி. தான் மெச்சிய ஒருவரைத் தன் கையால் வடித்து, அந்த வடிவத்தின் முன் நின்று தானே கற்றுக்கொண்டவன். அந்தச் சிற்பம் பிறகு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

ஒருவரின் படைப்பைப் பார்க்கிறோம், நமக்குள் பொறி தட்டுகிறது, நாமும் ஒன்றைச் செய்ய உட்காருகிறோம். கலையில் இது எல்லோருக்கும் நடப்பது. ஆனால் சாதி இருக்கும் இடத்தில் இது ஆபத்தான காரியம். நீ யாரைப் பார்த்து வியக்கிறாயோ அவரே உன் விரலைக் கேட்பார். வேறு மாதிரியான ஆசான்கள் இருந்ததில்லையா? இருந்தார்கள். மெக்சிகோவில் ஓர் அச்சகச் சன்னலில் தொடங்கி அமெரிக்கக் கறுப்பின ஓவியர்களின் கைகளுக்குப் போன ஒரு மரபு உண்டு. அதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

சன்னலும் சிறுவனும்

ஹோசே குவாதலூப்பே போசாதா 1852இல் மெக்சிகோவின் அகுவாஸ்காலியென்டெஸ் நகரில் ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். பின்னர் மெக்சிகோ நகரத்துக்கு வந்து, வனேகாஸ் அரோயோ என்பவரின் அச்சகத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் உலோகத் தகட்டில் படம் செதுக்கிக் கொடுத்தார். கொலைச் செய்தி, கொள்ளையர் கதை, பாட்டு, நாட்டு நடப்பு என்று சந்தையில் சில்லறைக் காசுக்கு விற்கும் தாள்களுக்கான படங்கள் அவை. நம் ஊர்த் திருவிழாக்களில் விற்ற கொலைச்சிந்துப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாள்கள் எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். போசாதா பணக்காரச் சீமாட்டியையும் அதிகாரியையும் எலும்புக்கூடாகப் போட்டார். தொப்பியும் பகட்டும் இருக்கும், உள்ளே எலும்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துச் சிரித்தார்கள்.

1913இல் அவர் இறந்தபோது ஏழைகளுக்கான கல்லறையில் புதைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, உரிமை கோர ஆளில்லாததால் எலும்புகள் பொதுக்குழிக்குப் போயின. அன்றைய கலைக்கழகங்களின் கணக்கில் அவர் கூலிக்குப் படம் போட்ட தொழிலாளி, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிறுவன் அவரைப் பார்த்திருந்தான். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த அச்சகத்தின் சன்னலில் நின்று, போசாதா செதுக்குவதைப் பார்ப்பான். கீழே விழுந்த உலோகச் சீவல்களைப் பொறுக்கிக்கொண்டு போவான். அவர் போசாதாவிடம் ஒரு பாடமும் கேட்டதில்லை. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் மெக்சிகோவின் பெரும் சுவரோவியர்களில் ஒருவரான ஹோசே கிளமெந்தே ஒரோஸ்கோ. இதை அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தன் முதல் விழிப்பு ஒரு தொழிலாளியின் மேசையிலிருந்து வந்தது என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

டியேகோ ரிவேரா இன்னும் ஒரு படி போனார். 1947இல் மெக்சிகோ நகரத்து விடுதி ஒன்றில் பூங்காக் காட்சி ஒன்றைப் பெரிய சுவரோவியமாக வரைந்தார். நட்ட நடுவில் போசாதாவின் எலும்புக்கூட்டுச் சீமாட்டி நிற்கிறாள். அவளுக்கு ஒரு பக்கம் போசாதா. மறுபக்கம் அவள் கையைப் பிடித்தபடி ஒரு பொடியன். அந்தப் பொடியன் ரிவேராவேதான். உலகப் புகழ் பெற்ற ஓவியர், பொதுக்குழியில் எலும்பு கரைந்த ஒருவரை நடுவில் நிறுத்தித் தன்னை அரைக்கால் சட்டைச் சிறுவனாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆசானுக்குத் தட்சிணை தருவதென்றால் இப்படித் தர வேண்டும்.

லினோ பட்டறைக்கு வந்த பெண்

லியோபோல்டோ மெண்டெஸும் தோழர்களும் 1937இல் மெக்சிகோவில் மக்கள் அச்சோவியப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார்கள். போசாதாவே அவர்களின் முன்னோடி. தரைக்கு விரிக்கும் லினோலியத்தைச் செதுக்கி மை தடவி அச்சடிப்பது அவர்கள் வழக்கம். மலிவான பொருள், எளிதில் செதுக்கலாம், எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம். தொழிற்சங்கத்துக்கும் எழுத்தறிவு இயக்கத்துக்கும் அந்தத் தாள்கள் போயின.

1946இல் அந்தப் பட்டறைக்கு எலிசபெத் காட்லெட் என்ற கறுப்பினப் பெண் அமெரிக்காவிலிருந்து வந்தார். அவருடைய தாத்தா பாட்டிகள் அடிமைகளாக இருந்தவர்கள். அவர் வந்த பாதையை நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் உடனே புரியும். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகம் அவருடைய திறமையை ஒப்புக்கொண்டது, நிறத்தைப் பார்த்ததும் கதவை மூடியது. ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அயோவாவுக்கு மேற்படிப்புக்குப் போனார். வகுப்பறையில் இடம் உண்டு, விடுதியில் கறுப்பர்களுக்கு இடம் இல்லை. அங்கே கிராண்ட் வுட் என்ற வெள்ளை ஓவியர் ஆசிரியராக இருந்தார். உனக்கு நன்றாகத் தெரிந்ததை வரை என்று அவர் சொன்ன அறிவுரையைக் காட்லெட் கடைசிவரை நினைவுகூர்ந்தார். துரோணராக இருப்பதும் இல்லாமல் இருப்பதும் பிறப்பால் வருவதன்று, ஒவ்வொருவரும் தேர்ந்தெடுப்பது என்பதற்காக இதையும் குறிப்பிடுகிறோம். 1940இல் அயோவாவில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

பிறகு நியூ ஆர்லியன்ஸில் டில்லார்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். ஊர் அருங்காட்சியகத்தில் பிக்காசோ கண்காட்சி நடந்தது. அருங்காட்சியகம் இருந்த பூங்காவுக்குள் கறுப்பர்கள் கால் வைக்கக் கூடாது. கோயில் நுழைவுக்குப் போராடிய நமக்கு இந்தக் கணக்கு தெரியும். காட்லெட் நிர்வாகத்திடம் பேசி, பொதுமக்களுக்கு விடுமுறையான நாளில் பேருந்தை நேரே வாசலில் கொண்டுபோய் நிறுத்தி மாணவர்களை உள்ளே அழைத்துப் போனார். பூங்கா மண்ணை மிதிக்காமல் பிக்காசோவைப் பார்த்தார்கள். அவரிடம் படித்த சமெல்லா லூயிஸ் பிற்காலத்தில் கறுப்பினக் கலை வரலாற்றை எழுதினார், லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பினக் கலைக்கென்று அருங்காட்சியகம் நிறுவினார், தன் ஆசிரியர் காட்லெட்டைப் பற்றியும் நூல் எழுதினார்.

மெக்சிகோ பட்டறையில் காட்லெட் 1946, 1947 ஆண்டுகளில் கறுப்பினப் பெண்களைப் பற்றி 15 லினோ படங்கள் செதுக்கினார். வீட்டு வேலை செய்பவள், வயலில் உழைப்பவள், அடிமைகளை மீட்ட ஹாரியட் டப்மன், முன்னோடிக் கவிஞர் பிலிஸ் வீட்லி என எல்லோரும் அந்த வரிசையில் உண்டு. தலைப்புகள், ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வதுபோல் அமைந்தவை. 1952இல் அவர் செதுக்கிய வாரக் குத்தகைக்காரப் பெண்ணின் முகத்தைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். அகன்ற வைக்கோல் தொப்பி, வெயிலில் கடினப்பட்ட முகம், மேல்சட்டையைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஓர் ஊக்கு. அந்த ஊக்கை நம் அம்மாக்களிடம் பார்த்திருக்கிறோம். பொத்தான் வாங்க முடியாத வறுமையும் உடுப்பைக் கலைய விடாத மானமும் அந்த ஒரு ஊக்கில் இருக்கின்றன.

அவர் போசாதாவின் எலும்புக்கூடுகளை நகலெடுக்கவில்லை. யாரை வரைவது, யாருக்காக வரைவது, அவர்கள் கைக்கு எட்டும்படி எப்படிக் கொடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த மரபில் விடை தேடினார். 1962இல் மெக்சிகோ குடியுரிமை பெற்றதும் அமெரிக்கா அவரை வேண்டாதவர் என்று அறிவித்தது. 1971 வரை தாய்மண்ணுக்குத் திரும்ப முடியவில்லை. கதவை மூடிய கார்னகி 2008இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது.

முடிக்காத படங்கள்

காட்லெட்டோடு அதே 1946இல் மெக்சிகோவுக்கு வந்தவர் சார்லஸ் வைட். 1918இல் சிகாகோவில் பிறந்தவர். அம்மா வீட்டு வேலைக்காரர். வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பொது நூலகத்தில் விட்டுவிட்டுப் போவார். அந்தப் பிள்ளை அங்கேயே படித்து வளர்ந்தது. கறுப்பின வரலாறு தன் பாடநூலில் ஏன் இல்லை என்று பள்ளியில் கேட்டது. கலைப்பள்ளிகள் உதவித்தொகை தருவதாகச் சொல்லி, கறுப்பர் என்று தெரிந்ததும் பின்வாங்கின. இருந்தும் வைட் ஓவியரானார். கறுப்பின மக்களின் முகங்களையும் கைகளையும் மலைபோல் கனமாக வரைந்தார்.

1965 முதல் லாஸ் ஏஞ்சலிஸில் ஓட்டிஸ் கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அங்கே கோடைக்கால ஓவிய வகுப்புக்கு வந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் அவருடைய ஓவியக்கூடத்தைப் பார்த்தான். பெயர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல். முன்பே ஒரு புத்தகத்தில் வைட்டின் பெயரைப் பார்த்திருந்தவன். அங்கே அவன் கண்டது பாதியில் நிற்கும் படங்களை. முடிந்த படத்தைப் பார்த்தால், நம்மால் ஆகாது என்று தோன்றும். முடியாத படத்தைப் பார்த்தால் முதல் கோடு எது, அடுத்த கோடு எது என்று தெரியும். இது மந்திரமில்லை, வேலை. வேலை என்றால் கற்றுக்கொள்ளலாம்.

மார்ஷல் அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்து வைட்டிடம் பயின்றார். இன்று உலகின் முதன்மை ஓவியர்களில் ஒருவர். அருங்காட்சியகச் சுவர்களில் கறுப்பு முகமே இல்லாத குறையைத் தீர்க்க, மனிதர்களை மைக் கறுப்பில் வரைந்து நிறுத்துகிறார். தன் ஆசான் வைட்டைப் பற்றி அவரே எழுதியும் இருக்கிறார். துரோணர் விரலை வாங்கினார். வைட் தன் கூடத்துக் கதவைத் திறந்து, தான் தடுமாறும் இடத்தையும் காட்டினார்.

நம் சுவர்கள்

இந்த மரபு நமக்கு எதற்கு? 1966இல் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் கட்சியின் பெயரைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பிறந்தார்கள். பெயரை எடுத்துக்கொண்ட நாம் அவர்களின் படங்களை இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. கருஞ்சிறுத்தைகளின் ஏட்டுக்குப் படம் போட்டவர் எமோரி டக்ளஸ். சிறார் சீர்திருத்தப் பள்ளியின் அச்சுக்கூடத்தில் மை தொட்டுப் பழகியவர். கறுப்பு மையோடு இன்னொரு நிறத்துக்கு மட்டுமே காசு இருந்தது. அந்த இல்லாமையையே தன் பாணியாக்கினார். மரச்செதுக்கு போன்ற தடித்த கோடு, பின்னால் ஒற்றை நிறம். நாங்கள் துண்டறிக்கை அடிக்கும்போது இரண்டு நிறத்துக்கு மேல் கட்டுப்படியாகாமல் விழித்த காலம் உண்டு. அவர் படங்களைப் பார்த்த பிறகு இரண்டு நிறம் குறையாகத் தெரியவில்லை. நீலமும் கறுப்பும் நமக்குப் போதும்.

நம்மிடமும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பேஷ்வாக்கள் ஆட்சியில் தீண்டப்படாதோர் எச்சில் துப்பக் கழுத்தில் கலயமும், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டிப்போக வேண்டியிருந்ததைப் புரட்சியாளர் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதினார். அந்தக் கலயத்தையும் துடைப்பத்தையும் நாக்பூரில் பிறந்த சவி சாவர்கர் மீண்டும் மீண்டும் வரைந்தார். வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல, கட்டச் சொன்னவர்கள் என்பதை அந்தக் கோடுகள் சொல்கின்றன.

ஆனால் நம் ஊர்களில்? சேரி முகப்பில் நீலக் கோட்டோடு நிற்கும் அண்ணலின் சிலையைச் செய்த கை யாருடையது? சாதி வெறியர்களிடமிருந்து காப்பாற்ற இரும்புக் கூண்டு போட்டிருக்கிறோம். பீடத்தில் திறந்து வைத்தவர் பெயரும் முன்னிலை வகித்தவர்கள் பெயரும் இருக்கின்றன. செய்தவர் பெயர் இல்லை. பிளெக்ஸ் வருவதற்கு முன் கட்டம் போட்டு, சாரத்தில் ஏறி நின்று, அம்பேத்கரை மூக்குக் கண்ணாடியோடு சுவரில் எழுதிய அண்ணன்கள் எங்கே? பலர் பெயின்ட் அடிக்கும் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். நம்மில் பலர் முதன்முதலில் பார்த்த ஓவியம் அவர்கள் வரைந்ததுதான். போசாதாவைப் பொதுக்குழியில் போட்டவர்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கு வர வேண்டுமென்றால், இவர்களின் பெயரை நாம் எழுத வேண்டும்.

தோழர்களே, இதற்கு அரசு விருது எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு ஊரிலும் பழைய சுவரெழுத்துக் கலைஞர்களையும் சிலை செய்தவர்களையும் கண்டுபிடித்துப் பேசுவோம், படமெடுப்போம், பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து வைப்போம். வரும் ஏப்ரல் 14க்குச் சுவர் எழுதும்போது வரைந்தவர் பெயரை ஓரத்தில் எழுதச் சொல்வோம். இருக்கும் பீடங்களில் சிற்பியின் பெயரைச் சேர்ப்போம். முக்கியமாக, சுவரெழுதும் நாளில் பிள்ளைகளை விரட்டாதீர்கள். பாதி வரைந்த முகத்தை அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கேட்டால் தூரிகையையும் கொடுங்கள்.

ஜெய்பீம்!