சலுகை விலைப் பங்கும் சிறு பங்குதாரரும்

சந்தையில் 500 ரூபாய்க்கு விற்கும் பங்கை ஒரே ஒருவருக்கு மட்டும் 100 ரூபாய்க்கு ஒரு நிறுவனம் கொடுக்க முடியுமா? 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. இப்படிச் சலுகை விலையில் வாங்கியவை வெளிநாட்டுத் தாய் நிறுவனங்கள். இழந்தவர்கள் சிறு பங்குதாரர்கள்.

40 சதவீதமும் 51 சதவீதமும்

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் (ஃபெரா) பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டினரின் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது. கோகோ கோலா போன்றவை 1977இல் நாட்டை விட்டே போயின. தங்கிய நிறுவனங்கள் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றன. நடுத்தரக் குடும்பத்தினர் பலர் அப்படித்தான் பங்குதாரர் ஆனார்கள்.

1991 ஜூலையில் வந்த புதிய தொழிற்கொள்கை, பல துறைகளில் 51 சதவீதம் வரை வெளிநாட்டு முதலீட்டை அனுமதித்தது. பங்கு வெளியீட்டின் விலையைக் கண்காணித்த மத்திய அரசின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் பதவி 1992இல் ஒழிந்தது. முன்னுரிமை ஒதுக்கீட்டுக்கு விலை விதி எதையும் செபி அப்போது வகுத்திருக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் தாய் நிறுவனங்கள் 51ஐ எட்டப் புறப்பட்டன.

சட்டத்தில் இருந்த கதவு

1956ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 81, புதிய பங்குகளை முதலில் பழைய பங்குதாரர்களுக்கே அவரவர் பங்கின் விகிதத்தில் கொடுக்கச் சொன்னது. இதுதான் உரிமைப் பங்கு. ஆனால் சிறப்புத் தீர்மானம் நிறைவேறினால் வேறு யாருக்கும் கொடுக்கலாம் என்று அதே பிரிவு விலக்கும் அளித்தது.

சிறப்புத் தீர்மானத்துக்கு, எதிர்ப்பு வாக்கைப் போல் மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். தாய் நிறுவனத்திடம் 40 சதவீதம் இருந்தால், அதைத் தோற்கடிக்க 13.3 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு திரள வேண்டும். கூட்டமோ ஏதோ ஒரு நகரத்தில் நடக்கும். நாடெங்கும் ஆளுக்கு ஐம்பது, நூறு பங்கு வைத்திருந்தவர்கள் அங்கே திரள்வது நடக்கிற காரியமா?

ஒரு சிறு கணக்கு

ஒரு நிறுவனத்தில் 1,00,000 பங்குகள். சந்தை விலை 500 ரூபாய். தாய் நிறுவனத்திடம் 40,000. அது 51 சதவீதம் ஆக 22,450 புதிய பங்குகள் வேண்டும். அவற்றை 100 ரூபாய்க்கு வாங்கினால், ஒரு பங்கின் மதிப்பு ஏறக்குறைய 427 ரூபாயாக இறங்கும். மற்றவர்களின் 60,000 பங்குகளில் குறைவது சுமார் 44 லட்சம். தாய் நிறுவனத்துக்குக் கிடைக்கும் லாபமும் அதே 44 லட்சம்தான்!

இதே 100 ரூபாய் விலையில் எல்லோருக்கும் விகிதப்படி கொடுத்திருந்தால், வாங்கிய யாருக்கும் நட்டமில்லை. ஆகவே தீங்கு சலுகை விலையில் இல்லை. சிலரை மட்டும் அழைத்து மற்றவர்களை விட்டுவிடுவதில் இருக்கிறது.

உச்ச நீதிமன்றத்தில்

ஹிந்துஸ்தான் லீவருடன் டாட்டா ஆயில் மில்ஸ் இணைந்தபோது யூனிலீவரின் 51 சதவீதம் குறைய இருந்தது. அதை மீட்க யூனிலீவருக்குப் பங்கு ஒன்று 105 ரூபாய்க்கு ஒதுக்கப்பட்டது. சந்தை விலையோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பங்குதாரர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்டதையும் ரிசர்வ் வங்கியின் அனுமதியையும் கருதி, 1994 அக்டோபரில் நீதிமன்றம் எதிர்ப்பைத் தள்ளியது.

கதவு அடைந்ததா?

அதற்குள் 1994 ஆகஸ்டிலேயே செபி விழித்துக்கொண்டது. முன்னுரிமை ஒதுக்கீட்டின் விலை, முந்தைய ஆறு மாதச் சந்தை விலையின் சராசரியை ஒட்டியே இருக்க வேண்டும் என்று விதித்தது. பின்னர் அந்தக் கணக்கிடும் முறை பலமுறை மாறியது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் மின்னணு வாக்களிப்பைக் கொண்டுவந்ததால், வீட்டிலிருந்தே எதிர்த்து வாக்களிக்க முடிகிறது.

ஆனாலும் தகுதிபெற்ற நிறுவன முதலீட்டாளர்களுக்கு மட்டும் பங்கு விற்கும் முறை 2006இல் வந்தது. பங்குதாரர் ஒப்புதலோடு, விதிப்படி கணக்கிட்ட விலையில் 5 சதவீதம் வரை தள்ளுபடியும் தரலாம். 1990களின் கொள்ளை விலையோடு இதை ஒப்பிட முடியாதுதான். ஆனால் அந்த விற்பனைக்குச் சிறு பங்குதாரருக்கு இன்றும் அழைப்பில்லை. அவர் கையில் இருப்பது ஒரு வாக்கு மட்டுமே. அதையும் பலர் போடுவதில்லை.