மருந்துக்கடைச் சுங்கான் புகையிலை

மருந்துக்கடைச் சுங்கான் புகையிலை என்பது ஐக்கிய அமெரிக்காவில் மருந்துக்கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் மலிவாகக் கிடைத்துவந்த புகைக்குழாய்ப் புகையிலைக் கலவைகளைக் குறிக்கும். 1907 இல் ஆர். ஜே. ரெனால்ட்சு நிறுவனம் அறிமுகப்படுத்திய பிரின்சு ஆல்பர்ட்டு இவற்றுள் பரவலாக அறியப்பட்டதாகும்.

இக்கலவைகள் பலவற்றின் அடிப்படை பர்லி வகை இலையாகும். இவ்விலையில் இயற்கைச் சர்க்கரை குறைவு; ஆனால் சேர்க்கப்படும் சுவையூட்டிகளை நன்கு உறிஞ்சும். கலவையைத் தெரிவு செய்வோர் இலை வகை, வெட்டு, ஈரப்பதம், சுவையூட்டி ஆகியவற்றைக் கருதுவர். ஈரம் மிகுந்தால் புகையிலை எளிதில் பற்றாது.

எக்கலவையைத் தெரிவு செய்தாலும் தீங்கு நீங்குவதில்லை. சுங்கான் புகைத்தல் வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும். மருந்து விற்குமிடத்தில் புகையிலையும் விற்கப்படுவது எதிர்ப்புக்கு உள்ளானது. 2008 இல் சான் பிரான்சிசுக்கோ நகரம் மருந்துக்கடைகளில் இவ்விற்பனையைத் தடை செய்தது. 2014 இல் சி.வி.எசு. மருந்துக்கடை நிறுவனம் புகையிலை விற்பனையைத் தானே கைவிட்டது.