யவனர் உணவு (பண்டைத் தமிழகம்)

பொது ஆண்டுக்குச் சற்று முன்னும் பின்னுமான நூற்றாண்டுகளில் தமிழகத் துறைமுகங்களுக்கு வந்து தங்கிய கிரேக்க, உரோமானிய வணிகரும் மாலுமிகளும் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்து உண்ட பொருள்கள் யவனர் உணவு எனப்படும். திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், புளிக்கவைத்த மீன்சாறு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவற்றை அடைத்து வந்த ஆம்போரா என்னும் இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்களே நமக்குக் கிடைத்துள்ள நேரடிச் சான்று.

அரிக்கமேடு

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947–50இல் ழான்-மரி கஸாலும், 1989–92இல் விமலா பெக்லியும் அகழாய்ந்தனர். கிடைத்த சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் பெரும்பங்கு கிரேக்கத்தின் கோஸ் தீவு வகை மதுச்சாடிகள் என்று கண்டார். இவ்வகையைக் கைப்பிடியைக் கொண்டே அறியலாம்: இரண்டு களிமண் உருளைகள் பக்கம் பக்கமாக ஒட்டி, சாடியின் தோளிலிருந்து கழுத்துவரை ஏறும். கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். ஆட்ரியாட்டிக் கரையின் ஆலிவ் எண்ணெய்ச் சாடிகளும் ஸ்பெயினின் மீன்சாறுச் சாடிகளும் குறைந்த அளவில் கிடைத்தன. இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் சிவப்புத் தட்டுகளும் கிண்ணங்களும் உடன் கிடைத்ததால், உணவோடு உண்கலமும் கப்பலேறி வந்தது தெரிகிறது.

மீன்சாறு

கிரேக்கர் இதைக் காரோஸ் என்றும் உரோமானியர் காரும் என்றும் அழைத்தனர். நெத்திலி, கானாங்கெளுத்தி வகை மீன்களைக் குடலோடு உப்பிட்டுத் தொட்டிகளில் அடுக்கி, பல வாரங்கள் வெயிலில் விடுவர். மேலே தெளியும் சாற்றை வடித்துச் சாடிகளில் அடைப்பர், அடிக்கசடும் உணவாகும். நம் கடற்கரையில் கருவாட்டுக்கு மீனைக் காயவைத்து நீரை வெளியேற்றுகிறோம். அவர்கள் மீனையே நீராக்கினர்.

உண்டவர் யார்?

தமிழரும் யவன மதுவை விரும்பினர். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரரின் புறநானூற்று 56ஆம் பாட்டு குறிப்பிடுகிறது. ஆலிவ் எண்ணெயும் மீன்சாறும் பெரும்பாலும் இங்கு தங்கிய யவனருக்கே வந்திருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நூலான 'எரித்திரையக் கடலின் பெரிப்ளுஸ்' இதற்குத் துணை நிற்கிறது: மேற்குக் கரைத் துறைமுகங்களுக்குத் தானியம் கப்பலாட்களுக்குப் போதுமான அளவே சென்றது என்றும், அங்குள்ள வணிகர் அதைப் பயன்படுத்துவதில்லை என்றும் அது கூறுகிறது.

பாலாற்று வழி

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் திருமுக்கூடலில் கூடிக் கிழக்கே ஓடிக் கடலை அடைகின்றன. அந்தக் கழிமுகத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் உறைகிணறுகளும் கூம்புவடிவச் சாடித் துண்டுகளும் கிடைத்தன. அச்சாடிகள் முதலில் உரோமானிய ஆம்போரா எனக் கருதப்பட்டன. இவற்றில் பல, உட்புறம் நிலக்கீல் பூசிய மெசப்பொத்தாமியச் சாடிகள் எனப் பின்னர் அறியப்பட்டது. எனவே கடல்வழியே இக்கழிமுகத்துக்கும் அதையொட்டிய காஞ்சிப் பகுதிக்கும் வந்த உணவுப்பொருள்கள் அனைத்தையும் யவனருடையவை எனக் கொள்வது தவறு.

எதிர்த்திசைப் பயணம்

தென்னிந்திய மிளகு மத்தியதரைக் கடல் நாடுகளின் சமையலில் நிலைபெற்றது. அப்பீசியுசின் பெயரால் வழங்கும் சமையல் நூலின் பெரும்பாலான குறிப்புகளில் மிளகும் மீன்சாறும் இடம்பெறுகின்றன. எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில், இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது. அங்கே கிடைத்த அரிசியும் பச்சைப்பயறும் இந்திய மாலுமிகளும் தம் உணவைக் கொண்டுசென்றதைக் காட்டுகின்றன.

யவனர் விட்டுச்சென்ற மீன்சாறு தமிழ்ச் சமையலில் இடம்பெறவில்லை. தமிழகத்து மிளகோ அவர்கள் சமையலில் நீங்கா இடம் பெற்றது. அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம்.