கடன் வாங்க வந்தவளைத் தலைவியாக்கிய ஜெயா அம்மா



மாசா மாசம் பாய் விரிச்சு, வட்டமா உட்கார்ந்து, தீர்மான நோட்டை நடுவுல வைக்கிறோம். ஒருத்தியால தவணை கட்ட முடியலைன்னா மத்தவங்க கைகொடுக்கிறோம். இந்தப் பழக்கம் நம்ம சென்னையில் வேர்விட்ட கதையில் ஜெயா அருணாசலம் அம்மாவுக்குப் பெரிய இடம் உண்டு.

அந்தக் காலத்தில் காய்கறிக் கூடை சுமந்தவளுக்கும் பூ கட்டி விற்றவளுக்கும் தண்டல்காரர்தான் கதி. காலையில 90 ரூபாய் வாங்கினா சாயந்திரம் 100 ரூபாயாத் தரணும். நாள் முழுக்க வெயிலில் நின்ற லாபம் வட்டிக்கே போயிடும்.

ஜெயா அம்மா காங்கிரஸ் கட்சியில் பல வருஷம் வேலை செய்தவர். வெள்ள நிவாரணத்துக்காகக் குடிசைப் பகுதிகளுக்குப் போனபோது அங்கிருந்த பெண்களிடம் உட்கார்ந்து பேசினார். அரிசியும் துணியும் அந்த வாரத்துக்கு ஓடும்; அவர்களுக்கு வேண்டியிருந்தது வியாபாரத்துக்கு முதல். அதைப் புரிந்துகொண்டு கட்சி வேலையை விட்டுவிட்டு, 1978இல் சுமார் 800 பெண்களோடு ‘ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ அமைப்பைத் தொடங்கினார்.

ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் 1972லேயே வங்கிகளில் வந்துவிட்டது. 100 ரூபாய்க்கு வருஷத்துக்கு வெறும் 4 ரூபாய் வட்டி! ஆனா படிப்பும் சொத்தும் இல்லாத பெண்ணை நம்பி யார் கொடுப்பாங்க? அக்கம்பக்கத்துப் பெண்களே குழுவாகச் சேர்ந்து, ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன் நின்றார்கள். கடன் கிடைத்தது. வங்கியில் அலைச்சலும் தாமதமும் தீராததால், 1981இல் பெண்களுக்கென்றே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் உருவானது.

தருமபுரியில் அரசின் சுய உதவிக் குழுத் திட்டம் வந்தது 1989இல். நபார்டு வழியாகக் குழுக்களை வங்கியோடு இணைத்தது 1992இல். அதற்கெல்லாம் முன்பே இந்தப் பெண்கள் வழி போட்டுவிட்டார்கள்.

ஆனா அவருடைய பெருந்தன்மை கடன் வாங்கிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. கடன் கேட்டு வந்த பெண்களிலிருந்தே அமைப்பாளர்களை உருவாக்கினார். நேற்று கைநாட்டு வைத்தவள், இன்று பக்கத்துத் தெருவில் குழு சேர்த்தாள். அவரே சாதி பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவர். அமைப்பிலும் சாதி மறுப்புத் திருமணங்களை நடத்தி வைத்தார். 1987இல் பத்மஸ்ரீ விருது வந்தது. மயிலாப்பூர் பீமசேனா கார்டன் தெரு அலுவலகத்தை மையமாக வைத்து நடந்த வேலை, மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. 2019இல் அவர் மறைந்தார்.

அவரை நினைக்கும்போது எனக்கு ஒரு உறுத்தல். எங்க குழுவில் பத்து வருஷமா கணக்கு நோட்டு என் கையிலேயே இருக்கு. ‘அவங்களுக்கு எழுத வராது, தப்பு பண்ணிடுவாங்க’ன்னு நானே முடிவு பண்ணிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களை நம்பித்தானே ஜெயா அம்மா ஒரு சங்கத்தையே கட்டினார்?

அடுத்த கூட்டத்தில் நோட்டை வேறொருத்தி எழுதட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரப்போகிறேன். உங்க குழுவில் நோட்டு யார் கையில் இருக்கு, சகோதரி?