வைடூரியம்: ஒரு மணியின் நெடும்பயணம்

திருவெளிப்பாடு நூலின் 21ஆம் அதிகாரத்தில் யோவான் புதிய எருசலேமைக் காட்சியாகக் காண்கிறார். அதன் மதிலைத் தாங்கும் பன்னிரு அடிக்கற்களும் பன்னிரு வகை மணிகளால் அணிசெய்யப்பட்டுள்ளன. அவற்றுள் எட்டாவது மணிக்குக் கிரேக்க மூலம் தரும் பெயர் 'பெரில்லோஸ்' என்பதாகும். இச்சொல் கிரேக்க மண்ணில் முளைத்ததன்று. 'வேளுரிய' என்னும் பிராகிருதச் சொல்லே மேற்கு நோக்கிச் சென்று 'பெரில்லோஸ்' ஆயிற்று என்பர் மொழிநூலார். நாம் வழங்கும் 'வைடூரியம்' என்னும் சொல்லும் அதன் உறவே. அதன் வேர் திராவிட மொழிகளுக்குள் இருக்கலாம் என்று கருதுவோரும் உளர். விண்ணக நகரின் அடித்தளத்தில் நம் நாட்டுச் சொல் ஒன்றும் பதிந்திருக்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

சொல் தனியே பயணம் செய்யவில்லை. மணியும் உடன் சென்றது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை அறிஞர் பிளினி, பெரில் மணிகள் இந்தியாவில் கிடைப்பவை, பிற இடங்களில் அரிதானவை என்று எழுதினார். கொங்கு நாட்டில் காங்கேயத்தை அடுத்த படியூர் இம்மணிக்குப் பெயர்பெற்ற இடமாகும். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், அவ்வூரில் மணிகளை அறுத்து, தேய்த்து, துளையிட்ட தொழிற்கூடங்கள் இருந்தமையை வெளிப்படுத்தின. முடிந்த பெரில் மணிகளும் முடியாத பெரில் மணிகளும் அங்கே கிடைத்தன. சங்கப் பாடல்கள் புகழும் கொடுமணம் இதுவே என்பர் ஆய்வாளர். கொங்குப் பகுதியில் கிடைத்த உரோமைக் காசுகளும் அவ்வணிகத்தின் சான்றுகள்.

இம்மணிகள் மேற்கில் பெற்ற பெயர் வேறொரு திசையிலும் வளர்ந்தது. இடைக்கால ஐரோப்பாவில் தெளிந்த பெரில், படிகம் போன்ற கற்களைத் தேய்த்து எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வில்லைகளாகப் பயன்படுத்தினர். அதனால் செர்மானியர் மூக்குக் கண்ணாடியை இன்றும் 'பிரில்லே' என்றே அழைக்கின்றனர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். இன்று நவமணிகளுள் வைடூரியம் என்று நாம் குறிப்பிடுவது பெரில் அன்று. பூனைக்கண் போல் ஒளிக்கோடு ஓடும் மஞ்சள் மணியாகும். கனிமவியலார் இதனைக் கிரைசோபெரில் என்பர். 'பொன்னிறப் பெரில்' என்பது அதன் பொருள். பிளினியும் இதே பெயரைக் கையாண்டார். ஆயினும் அவர் கருதியது பொன் சாயல் கொண்ட பெரில் வகையையே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கனிமவியலார் இப்பெயரை இந்த வேறு கனிமத்துக்குச் சூட்டினர். பெரிலியம் என்னும் தனிமம் இரண்டிலும் உண்டு; ஆனால் அமைப்பும் வன்மையும் வேறு. கடினத்தில் வைரத்துக்கு 10 என்றால், இதற்கு 8.5.

இக்கல்லின் உட்புறத்தில் முடியிலும் மெல்லிய ஊசிகளும் குழல்களும் ஒரே திசையில் அணிவகுத்துக் கிடக்கின்றன. அவற்றின்மேல் விழும் ஒளி, அவற்றுக்குக் குறுக்கே ஒற்றைக் கோடாகத் திரள்கிறது. பட்டை தீட்டினால் இக்கோடு தோன்றாது. கவிழ்த்த கிண்ணம்போல் குவித்துத் தேய்த்தால்தான் தோன்றும். இவ்வடிவத்தைக் கபோஷன் என்பர். பட்டை தீட்டும் கலை ஐரோப்பாவில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் வளரும்வரை மணிகள் பெரும்பாலும் இவ்வாறே தேய்க்கப்பட்டன. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெர்டன் நகர நிக்கோலாஸ் தொடங்கிய, கொலோன் பேராலயத்தின் மூவரசர் பேழையில் இத்தகைய மணிகளை இன்றும் காணலாம்.

சிறந்த வைடூரியங்கள் இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் கிடைக்கின்றன. வயல்களில் குழி தோண்டி, 'இல்லம்' எனப்படும் சரளைப் படிவை எடுத்துக் கூடைகளில் அலசி மணிகளைப் பிரிக்கின்றனர். கேரளத்தின் தென்பகுதியிலும் பிரேசிலிலும் இம்மணி உண்டு. தேன் நிறம் பெரிதும் விரும்பப்படுகிறது. ஒரு பக்கமிருந்து ஒளி விழும்போது மணியின் ஒரு பாதி பாலாகவும் மறு பாதி தேனாகவும் தோன்றுமாயின், அதனை உயர்ந்ததாகக் கொள்வர். பாலும் தேனும் பொழியும் நாட்டைப் பற்றி விடுதலைப் பயண நூலில் படித்த நமக்கு இவ்வுவமை புதிதன்று.

வாங்க விரும்புவோர் ஒற்றை விளக்கின் கீழ் மணியைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். கோடு மெலிந்து, நேராக, குவிமாடத்தின் நடுவே ஓட வேண்டும். அடிப்பாகம் அளவுக்கு மீறிப் பருத்திருந்தால், ஒளி தராத எடைக்கும் விலை தருகிறோம் என்பது பொருள். படிகக் கல்லிலும் பூனைக்கண் உண்டு. அது விலை குறைந்தது, எடையிலும் இலேசானது. கண்ணாடி இழைகளால் செய்த போலிகளில் கோடு இயற்கைக்கு மீறிக் கூர்மையாக இருக்கும். 1997ஆம் ஆண்டில், கதிரியக்கத்துக்கு உட்படுத்தி நிறம் மாற்றிய கரும்பழுப்புப் பூனைக்கண் மணிகள் ஆசியச் சந்தையில் அகப்பட்டன. அவற்றில் கதிரியக்கம் எஞ்சியிருந்தது. எனவே மணி ஆய்வகத்தின் சான்றிதழ் இன்றி வாங்குதல் தகாது.

இவற்றினும் பெரிய கேள்வி, இம்மணியை எதற்காக வாங்குகிறோம் என்பதே. கேது தோசம் நீங்கும் என்ற சொல்லை நம்பி, கடன்பட்டும் வைடூரியம் வாங்கி அணிகின்ற குடும்பங்கள் நம் பங்குகளிலும் உள்ளன. இதைச் சொல்லும்போது நாம் பிறரை ஏளனம் செய்ய இயலாது. ரென் நகரின் ஆயர் மார்போது, தம் காலத்தில் மணிகளின் ஆற்றல்களைக் கவிதை நூலாகவே பாடினார். 13ஆம் நூற்றாண்டில் புனித பெரிய ஆல்பர்ட்டும் அவற்றுக்கு ஆற்றல் உண்டென ஏற்றார். அன்றைய இயற்கை அறிவு அவ்வளவே. ஆயினும் இறைவனின் படைப்பு என்பதனால் மணியைப் போற்றுவது ஒன்று. நம் வாழ்வை அதன் கையில் ஒப்படைப்பது வேறு. 1992ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தாயத்து அணிவதைக் கண்டிக்கத்தக்கது என்றே கூறுகிறது (2117). தாயத்தாக அணியும் மோதிரத்துக்கும் இது பொருந்தும்.

மிலான் நகர ஆயர் புனித அம்புரோசியார், 4ஆம் நூற்றாண்டில் போர்க்கைதிகளை மீட்பதற்காகத் திருக்கலங்களையே உடைத்து உருக்கினார். குறை கூறியவர்களுக்கு, ஆன்மாக்களைக் காப்பது பொன்னைக் காப்பதினும் மேல் என்று விளக்கினார். பேழையில் மணி பதித்ததும் திருச்சபையே. கலத்தை உருக்கியதும் திருச்சபையே. அழகு இறைவனுக்கு உரியது, ஆனால் மனிதன் அழகினும் விலைமிக்கவன் என்ற ஒரே நம்பிக்கையே இரண்டையும் செய்தது.

ஆகவே வசதியுள்ளவர் வைடூரியத்தை அதன் அழகுக்காக வாங்குவதில் தவறில்லை. அச்சத்தால் வாங்க வேண்டாம். கடனில் வாங்க வேண்டாம். வாங்கியபின், குழியில் இறங்கிச் சரளை அலசிய கைகளையும், நம் அண்டையில் உதவி வேண்டி நிற்கும் கைகளையும் அது நமக்கு நினைவூட்டட்டும்.