கேட்பதற்கு முன் ஊகித்தல்: ஆசிரிய மாணவர்க்குக் கல்வி மனோதத்துவத்தை அறிமுகம் செய்யும் முறை

ஆசிரியப் பயிற்சிக்கு வந்து சேர்கிற மாணவர், வேறெந்தத் தொழிற்கல்விக்கு வருகிறவரைக் காட்டிலும், தாம் கற்கப்போகும் தொழிலை நெடுங்காலம் கண்ணெதிரே கண்டவராக வருகிறார். மருத்துவக் கல்லூரியில் சேர்கிறவர் அறுவைக்கூடத்தினுள் நின்று பார்த்தவரல்லர். சட்டம் படிக்க வருகிறவர் நீதிமன்றத்தை ஓரிரு முறை எட்டிப் பார்த்திருந்தாலே அதிகம். பி.எட். வகுப்பில் வந்து அமர்கிறவரோ பள்ளியில் 12 ஆண்டும் பட்டப்படிப்பில் 3 ஆண்டுமாக உபாத்தியாயர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர். அமெரிக்கச் சமூகவியலறிஞர் டான் லார்ட்டி 1975-இல் வெளியிட்ட நூலில் இந்த நீண்ட பார்வையையே ஒருவகைத் தொழிற்பழகுதலாகக் கணித்து, பெஞ்சிலிருந்து பார்க்கிறவருக்கு ஆசிரியர் செய்தது தெரியுமேயன்றி, செய்யுமுன் அவர் மனத்தில் ஓடிய யோசனை தெரியாது என்ற அதன் குறையையும் எடுத்துக்காட்டினார். அந்தக் குறைப் பார்வையிலிருந்து பிறந்த அபிப்பிராயங்கள், அதாவது அடி விழாமல் படிப்பு ஏறாது, பத்துமுறை எழுதினால் மனத்தில் நிற்கும், சில பிள்ளைகளுக்குக் கணக்கு பிறவியிலேயே வராது என்பன போன்றவை, பயிற்சி மாணவரின் உள்ளத்தில் ஒரு முழு மனோதத்துவமாகவே குடியேறியிருக்கின்றன. அதற்கு ஏடில்லை, ஆசிரியர் பெயரில்லை. ஆனால் நாளை அவர் வகுப்பறையில் நிற்கும்போது ஆட்சி செலுத்தப்போவது அதுவே.

வழக்கமான அறிமுக வகுப்பு இந்தப் பழைய குடியைக் கண்டுகொள்வதேயில்லை. முதல் நாள் கிரேக்கச் சொற்களின் பொருளில் தொடங்கி, மறுநாள் மனோதத்துவக் கொள்கைகளின் பெயர்களை வரிசைப்படுத்தி, பாவ்லோவின் நாய்க்கு உமிழ்நீர் ஊறிய வரலாற்றையும் தார்ண்டைக்கின் பூனை பெட்டியைத் திறந்த வரலாற்றையும் குறிப்பெடுக்கச் செய்து முடிகிறது. பழைய மனோதத்துவம் மனத்திலும் புதிய மனோதத்துவம் நோட்டிலுமாக இரண்டும் சந்தியாமலே இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. மாசச்சூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆசிரியர்களுக்கு 1892-இல் ஆற்றிய சொற்பொழிவுகளை வில்லியம் ஜேம்ஸ் 1899-இல் நூலாக்கியபோது, மனோதத்துவம் சாஸ்திரம், கற்பித்தலோ கலை; சாஸ்திரத்திலிருந்து கலை தானாகப் பிறந்துவிடாது, இடையில் ஒரு புத்தி நின்று பிரயோகத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று எச்சரித்திருந்தார். அந்த இடைநின்ற புத்தியைப் பழக்குவதே கல்வி மனோதத்துவ அறிமுகத்தின் முதற் காரியம் என்பதும், பரஸ்பர உரையாடல்வழி நடைபெறும் பாடமே அதற்கு ஏற்றது என்பதும், ஆனால் அந்த உரையாடல் ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்படாவிடில் பயனற்றது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அவ்வொழுங்கு எது என்பதற்கு ஒரு பரிசோதனையே சான்று. 1998-இல் டேனியல் ஷ்வார்ட்ஸ், ஜான் பிரான்ஸ்ஃபோர்டு ஆகிய இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு ஞாபகசக்தி பற்றிய மனோதத்துவத்தையே பாடமாக வைத்து ஆராய்ந்தனர். ஒரு கூட்டத்தார் ஒன்றுக்கொன்று மாறுபட்ட பரிசோதனைகளின் விவரங்களைத் தாமே ஆராய்ந்து பார்த்துவிட்டுப் பின்னர் விரிவுரை கேட்டார்கள். மற்றொரு கூட்டத்தார் அதே பொருளைப் பாடநூலில் படித்துச் சுருக்கி எழுதிவிட்டு அதே விரிவுரையைக் கேட்டார்கள். மூன்றாம் கூட்டத்தார் விரிவுரையே இன்றி மறுமுறையும் ஆராய்ந்தார்கள். சில நாள் கழித்து, முன்பின் அறியாத வேறொரு பரிசோதனையைச் சொல்லி அதன் முடிவு என்னவாகும் என்று கேட்டபோது, முதற் கூட்டத்தாரே தெளிவாக மேம்பட்டு நின்றனர். இதில் கவனிக்கத்தக்கது, விரிவுரையை நீக்கியவர்களும் தோற்றார்கள், விரிவுரைக்கு முன் தாமாக முயலாதவர்களும் தோற்றார்கள் என்பது. புதியவர்களுக்கு நேராகச் சொல்லிக்கொடுப்பதே நலம், கண்டுபிடிக்க விடுவது காலவிரயம் என்று 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவர் முன்வைத்த ஆட்சேபத்துக்கும் இதுவே விடையாகிறது. சொல்லுதல் வேண்டும் என்பதில் அவர்களுடன் நமக்குப் பிணக்கில்லை. கேட்பவர் தம் ஊகத்தை முன்னமே வாய்விட்டுச் சொல்லி, அதற்குப் பொறுப்பேற்ற பின் சொல்லவேண்டும் என்பதே நாம் கூட்டுவது.

சென்னையின் மேற்குப் புறநகர் இத்தகைய பாடத்துக்கு இயற்கையாக அமைந்த களம். 1955-ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாட்டினால் பெயர் பெற்ற ஆவடி, அடுத்த பத்தாண்டுக்குள் கனரக வாகனத் தொழிற்சாலையின் ஊராயிற்று. அறுபதுகளில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை சுற்றுக் கிராமங்களையெல்லாம் தன் வசமாக்கிக்கொண்டது. பூவிருந்தவல்லியோ பழைய நெடுஞ்சாலை ஊராக இருந்துகொண்டே பார்வையற்ற பிள்ளைகளின் கல்விக்கு ஒரு கேந்திரமாயிற்று. தொழிற்சாலைக் குடியிருப்பின் கேந்திரிய வித்யாலயம், மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, ஆங்கிலவழித் தனியார் பள்ளி ஆகியவை ஒரே பஸ் வழித்தடத்தில் அடுத்தடுத்து நிற்க, அவற்றில் படித்துவந்தவர்களே ஒரே பி.எட். வகுப்பில் அருகருகே அமர்கிறார்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தபடி 50 பேர் கொண்ட ஒரு பிரிவில், வகுப்பறை என்பதைப் பற்றிய அனுபவங்களே இத்தனை விதம். ஒருவர் சகஜமென்று கருதுவதை மற்றொருவர் வியப்போடு கேட்கிற சந்தர்ப்பம் இங்கே ஆசிரியர் தேடாமலே வாய்க்கிறது.

முதல் வாரத்துக்கு உரிய பயிற்சி ஒன்று ஞாபகம் பற்றியது. பொதுத்தேர்வுகளில் தேர்ந்து தேர்ந்து வந்த நம் மாணவர்க்கு மனப்பாடம் பற்றிச் சொந்த சித்தாந்தம் இல்லாமற்போகாது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பக் கண்ணால் படிப்பதா, ஒருமுறை படித்துவிட்டு ஏட்டை மூடி எழுதிப்பார்ப்பதா, எது நிற்கும் என்று முதலில் ஒவ்வொருவரும் காரணத்துடன் எழுதித் தரட்டும். பிறகு வகுப்பையே இரண்டாகப் பிரித்து இரு முறைகளையும் செய்வித்து, அன்றே பாதிப் பேரையும் ஒரு வாரம் கழித்து மீதிப் பேரையும் சோதித்துப் பார்க்கலாம். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் நடத்திய ஆய்வில், ஐந்தே நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே நூற்றுக்கு 81-க்கு 75 என்று முந்தினார்கள். ஒரு வாரம் சென்றபின் ஏட்டை மூடி நினைவுகூர்ந்தவர்கள் 56, திரும்பப் படித்தவர்கள் 42 என்று நிலைமை தலைகீழாயிற்று. உடனடிப் பலனைக் கண்டு நீண்டகாலப் பலனைத் தீர்மானிக்கும் இந்த மயக்கத்தில் நாம் அனைவருமே வளர்ந்திருக்கிறோம். சிறு வகுப்பில் முடிவு எப்போதும் இத்துணைத் தெளிவாக வரும் என்று உறுதி கூற இயலாது. வராதபோது ஏன் வரவில்லை என்று விவாதிப்பதும் மனோதத்துவமே. உண்மையில் அதுவே அதிகப் பயன் தருவது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது பயிற்சி, குழந்தையின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயின் சோதனையொன்றைப் பற்றியது. எண்ணிக்கையில் சமமான இரண்டு வரிசைப் பொத்தான்களைக் குழந்தையிடம் காட்டி, இரண்டும் சமமா என்று கேட்டு, சமம் என்று சொன்னபின் ஒரு வரிசையைப் பரப்பி வைத்து மறுபடி கேட்டால், சிறு குழந்தை நீண்ட வரிசையில் அதிகம் என்று சொல்லிவிடும். பாடநூல் இதைக் குழந்தையின் சிந்தனைக் குறையாகச் சொல்லி நிற்கிறது. மெக்கேரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் ஆகியோர் எழுபதுகளில் எடின்பரோவில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் இதைச் சற்றே மாற்றிச் செய்தனர். பரிசோதகர் கைவைக்காமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மையொன்று பாய்ந்துவந்து வரிசையைக் கலைத்துவிட்டதாக அமைத்தபோது, குழந்தைகளில் பெரும்பாலோர் சமம் என்ற விடையிலேயே நின்றார்கள். இந்த வேறுபாட்டின் காரணத்தை விரிவுரையாளர் விளக்கத் தேவையே இல்லை. வாத்தியார் அதே கேள்வியை மறுபடி கேட்டால் முன்பு சொன்னது தப்பு என்று அர்த்தம், விடையை மாற்றிக்கொள் என்பது நம் ஊர்ப் பள்ளிகளில் படித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். குழந்தை பொத்தானைப் பற்றி மட்டுமன்று, கேட்பவரின் மனத்தைப் பற்றியும் யோசிக்கிறது என்ற நுட்பத்தைப் பயிற்சி மாணவர் தம் அனுபவத்திலிருந்தே எடுத்துத் தர, ஆசிரியர் அதற்குச் சாஸ்திரத்தில் உள்ள இடத்தைக் காட்டினால் போதும்.

மேற்குப் புறநகருக்கென்றே உரிய விசேஷப் பயிற்சி ஒன்று உண்டு. பூவிருந்தவல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளியும், பார்வைக் குறையுடையோருக்கென டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. பொம்மையைத் துணியால் மூடியபின் குழந்தை அதைத் தேடுகிறதா என்று பார்ப்பதே, பொருள் மறைந்தாலும் இருக்கிறது என்னும் அறிவு தோன்றியதற்குச் சோதனை என்று பாடநூல் சொல்கிறது. துணியையும் பொம்மையையும் ஒருங்கே காணாத குழந்தைக்கு மறைதல் என்றால் என்ன என்று முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியைப் போட்டுவிட்டால், வகுப்பு சற்று நேரம் வாயடைத்து நிற்கும். ஓசை இருக்கிறதே, ஓசையைக் கேட்டுக் கைநீட்டும் என்று யாரேனும் ஒருவர் பின்னர்ச் சொல்லுவார். செல்மா ஃப்ரைபர்க் 1977-இல் வெளியிட்ட நூலில் கண்டு சொன்னது, அது அவ்வளவு எளிதன்று என்பதே. பார்வையுள்ள சிசு ஏறக்குறைய ஐந்தாம் மாதத்தில் கண்ட பொருளுக்குக் கைநீட்டுகிறது. பார்வையற்ற சிசுவோ ஓசை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு கைநீட்ட முதலாண்டின் இறுதியை நெருங்க வேண்டியிருக்கிறது. ஓசை அதற்கு உடனே ஒரு பொருளாகிவிடுவதில்லை. ஓசைக்குப் பின்னால் கையால் பற்றத்தக்க ஒன்று இருக்கிறது என்பதை அது கற்றாக வேண்டும். இந்த ஓர் உதாரணம், வளர்ச்சிப் படிநிலைகளை வயதுவாரியாக ஒப்பிக்கும் பழக்கத்தைப் பத்து விரிவுரைகளைவிட வலுவாக அசைத்துவிடும். ஆயினும், பூவிருந்தவல்லிப் பள்ளிக்கு மாணவரைக் கூட்டமாக அழைத்துச் சென்று காட்சிப் பொருளைப் போலப் பிள்ளைகளைப் பார்க்கவைப்பது தகாது. இருவர் மூவராக, பள்ளியின் இசைவோடு, பிரெயில் வாசிப்பிலோ கணக்குப் பாடத்திலோ துணைசெய்யும் ஒரு வேலையை ஏற்றுச் செல்வதே நியாயம். உரையாடல் பரஸ்பரமாயிருக்க வேண்டும் என்ற விதி அங்கேயும் செல்லும்.

அம்பத்தூரில் இன்னொரு காட்சி. தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த வடமாநிலத்தார் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்வழி வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். விளையாட்டிடத்தில் சரளமாகத் தமிழ் பேசும் சிறுவன் வகுப்பில் வாய் திறவாதபோது, மெல்லக் கற்கும் மாணவன் என்ற முத்திரை எளிதில் விழுந்துவிடுகிறது. பேச்சுமொழி ஓரிரு ஆண்டில் வசப்படும், பாடமொழியில் சமவயதினரை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டு செல்லும் என்று ஜிம் கம்மின்ஸ் எண்பதுகளின் தொடக்கத்தில் கூறியதை, முத்திரை குத்தத் துணிந்த பயிற்சி மாணவரிடமே அவர் குத்திய பிறகு சொல்லவேண்டும். 20 வாரப் பள்ளி உள்ளகப் பயிற்சியின்போது முன்னெழுதிய ஊகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அச்சிறுவனைக் கவனிக்கச் செய்தால், கவனித்தல் என்பதற்கே பொருள் உண்டாகும்.

பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் கற்பிப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. எழும்பூர் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் மேற்பார்வையை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையை உருவாக்கி, 1797-இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். சென்னை முறை என்று அது உலகெங்கும் பெயர் பெற்றது. பெயர் பெற்ற வேகத்திலேயே இங்கிலாந்தில் மலிவான கூட்டுமனப்பாட இயந்திரமாகவும் சுருங்கியது. நம் காலத்துக்கு வந்தால், ரிஷிவேலியில் தோன்றிய அட்டைகளைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் பரவிற்று. அதன் கற்றல் ஏணியும் தாழ்வான கரும்பலகையும் நல்ல யோசனைகளே. ஆனால் அட்டையை எடுத்தல், முடித்தல், அடுத்த அட்டைக்குச் செல்லல் என்பதே கற்றலாக எண்ணப்பட்ட இடங்களில், உயிர் போய்ச் சடங்கு நின்றது. 2022-இல் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட, தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அபாயம் வேறன்று. பி.எட். கல்லூரிகளில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, குழுத் தலைவரை நியமித்து, ஸ்மார்ட் போர்டில் விடையை விரலால் தொடவைத்துவிட்டால் பாடம் உரையாடல் வழியதாகிவிட்டது என்று திருப்தியடைவோர்க்கு இந்த இரண்டு வரலாறுகளும் நினைவிருக்க வேண்டும். ஊகம் வெளிப்பட்டதா, அது சோதிக்கப்பட்டதா, பிழைபட்டபோது மாற்றிக்கொள்ள இடமிருந்ததா என்பவையே அளவுகோல்; நாற்காலி எப்படியும் இருக்கட்டும்.

எஞ்சுவது பரீட்சை. தமிழ்நாட்டில் 2012 முதல் நடைபெறும் ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 மதிப்பெண்ணில் 30 மதிப்பெண் குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தேர்வுக்கு, எந்தக் கொள்கைக்கு யார் ஆசிரியர் என்பதை நினைவில் வைப்பதே போதுமென்று மாணவர் வாதிப்பது நியாயமே. ஊகித்துச் சோதித்தபின் கேட்ட பெயர் கைடில் படித்த பெயரைவிடக் குறைவாக நினைவில் நிற்கும் என்று கருத ஆதாரம் ஏதுமில்லை. மேலே சொன்ன ரோடிகர், கார்ப்பிக் இருவரின் ஞாபகப் பரிசோதனை எதிர்த்திசையைத்தான் காட்டுகிறது. எனினும் தகுதித் தேர்வை நம்மால் மாற்ற இயலாது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் எழுத்துத் தேர்வில் ஒரே ஒரு வினாவை மாற்றும்படி கேட்க இயலும். ஒரு குழந்தையின் நடத்தையையோ புதியதொரு பரிசோதனையையோ ஐந்தாறு வரியில் விவரித்து, அடுத்து என்ன நிகழும், அப்படிக் கருதுவதற்குக் காரணம் யாது, எதைக் கண்டால் இந்த ஊகத்தைக் கைவிடுவீர் என்று கேட்கும் வினா அது. ஊகம் தவறாயிருப்பினும் காரணம் செம்மையாயிருந்தால் மதிப்பெண் உண்டு. இருவர் திருத்தினால் இருவிதமாக மதிப்பெண் விழுமே என்ற ஆட்சேபத்தை அலட்சியம் செய்யலாகாது. திருத்துவோர்க்கு முன்கூட்டியே ஒரு நாள் பயிற்சி வேண்டியிருக்கும். அந்த நாளில் மாதிரி விடைத்தாள்களை அவர்கள் முதலில் தம் விருப்பப்படி மதிப்பிட்டு, ஏன் அப்படி மதிப்பிட்டோம் என்று ஒருவர்க்கொருவர் சொன்ன பிறகே அளவுகோலை அவர்கள் கையில் கொடுக்கலாம்.